தொழில்: இல்லை

சென்ற தவணை இரசாயனவியல் செய்முறை வகுப்பில் நாங்கள் ஒரு சாயம் செய்தோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பவர்களுக்குத் தெரிந்த பரிசோதனைதான். அனிலீனை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, சோடியம் நைத்திரைற்றுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 5 பாகைக்கு மேலே போகக் கூடாது. பிறகு காரத்தில் கரைத்து வைத்த 2-நப்தோலில் அதை ஊற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு நிறம் பொங்கி வரும். வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவள், பெருநாளைக்கு இந்த நிறத்தில் ஒரு ஷோல் எடுக்க வேண்டும் என்றாள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றியவர்கள் திரும்பப் போடுங்கள் என்றார். "2-நப்தோலில் இருக்கிற ஐதரொட்சில் கூட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அமைன் கூட்டத்தை வைத்தால் 2-நப்தைலமைன். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமில்லாமல் தெரிந்த பொருள் அது. சாயத் தொழிற்சாலைகளில் அதை ஒரு காலத்தில் வெறுங்கையால் அள்ளினார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரீட்சைக்கு வராத விடயம் என்பதால் ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை. நானும்தான். ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்குள் வந்து நின்றவை என் மூத்தாப்பாவின் கைகள்.

மூத்தாப்பா மருதமுனையில் நூலுக்குச் சாயம் போட்டவர். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். தறிச் சத்தம் கேட்காத தெரு ஒரு காலத்தில் அங்கே இருக்கவில்லை என்பார்கள். 1970களில் வெளிநாட்டுத் துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது நாட்டுக்கே நெய்து கொடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1977க்குப் பிறகு கடைகளில் வெளித்துணி குவிந்ததும் தறிகள் குறையத் தொடங்கின. அந்த நல்ல காலத்தில்தான், 1972இல், மூத்தாப்பா சாயக் கொட்டிலுக்குள் போனார். அப்போது அவருக்கு 17 வயது. இப்போது எனக்கும் அதே வயது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து கொட்டிலையும் தறிகளையும் அள்ளிக்கொண்டு போகும் வரை அந்த வேலையைத்தான் செய்தார். 32 வருடங்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று மூத்தம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். விறகடுப்பில் கிடாரத்தை ஏற்றித் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். சாயத் தூளைப் பையிலிருந்து சிரட்டையால் அள்ளிப் போடுவார்கள். அள்ளும்போது தூள் எழும்பி மூக்குக்குள் போகும், இரவில் மூக்குச் சிந்தினால் அன்றைக்குப் போட்ட நிறம் கைக்குட்டையில் இருக்கும். கோஸ்ரிக் சோடா, ஹைட்ரோஸ் எல்லாம் கலந்து, நூல்கழிகளைக் கம்பில் கோத்துக் கிடாரத்தில் தோய்த்துத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். சில சாயங்களில் நூல் வெளியே வரும்போது ஒரு நிறம், காற்றுப் பட்டதும் இன்னொரு நிறம். அதைக் கையால்தான் பிழிந்து உதறிக் காயப்போட வேண்டும். காரம் சரியா என்று விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். அது தொழில் தெரிந்தவருக்கு அடையாளம் என்று அந்த நாளில் பேச்சு.

அந்தக் கைகள் நான் கண்ட காலத்திலும் நகக்கண்களில் நீலமாகத்தான் இருந்தன. தொழிலை விட்டுப் பல வருடமாகியும் முழுதாகப் போகவில்லை. இளமையில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்ததாம்: இந்தக் கையோடு வுழூச் செய்தால் கூடுமா? பள்ளிவாசலில் கேட்டிருக்கிறார். மேலே படலமாக ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தண்ணீர் படாது, இது நிறம் மட்டும்தான், வுழூக் கூடும் என்று மௌலவி சொல்லியிருக்கிறார். சரியான பதில். மார்க்கத்தைக் கேட்டார், மார்க்கத்துக்குப் பதில் கிடைத்தது. தோலுக்கு மேலே இல்லாத சாயம் தோலுக்குள்ளே போயிருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்பதற்குத்தான் ஊரில் ஆளிருக்கவில்லை.

2021இல் சலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. வலி இல்லை. வலி இல்லாததாலும் வெட்கத்தாலும் மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. (இதை வாசிக்கும் பெற்றோருக்கு: வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். வேறு சிறிய காரணங்களும் இருக்கலாம். எதுவானாலும் ஒருமுறை கண்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும்.) பிறகு ஆஸ்பத்திரி, கிளினிக், மீண்டும் ஆஸ்பத்திரி. 2022இல், 67 வயதில், மௌத்தாகிவிட்டார்.

அந்தச் செய்முறை வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அவருடைய கிளினிக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வயது இருக்கிறது. சீனி, பிரசர் இருக்கிறது. புகைத்தல் இருக்கிறது: முன்பு, இப்போது இல்லை. என்ன வேலை செய்தவர் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதைவிட என்னைச் சுட்டது மரண அத்தாட்சிப் பத்திரம். அதில் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று இருக்கிறது. பதிந்தவரில் பிழையில்லை. அவர் கேட்டபோது வாப்பாதான், இப்ப ஒன்றும் செய்றல்ல என்று சொன்னாராம். 32 வருடம் கிடாரத்தடியில் நின்ற மனிதருக்குத் தொழில் இல்லை.

சாயம்தான் என் மூத்தாப்பாவைக் கொன்றது என்று இங்கே நான் எழுத வரவில்லை. அது எனக்குத் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதற்காரணம் புகைத்தல், அவர் இளமையில் பீடி குடித்தவர். எந்தக் காரணமும் இல்லாமலும் இந்த நோய் வருகிறது. என்னுடைய முறைப்பாடு வேறு. தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே வழியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அடைத்துவிட்டோம்.

இந்தக் கேள்வி புதியதல்ல. இத்தாலியின் மொடெனா நகரில் பெர்னார்தினோ ரமஸினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏழை நோயாளியிடம் போனால் நாடியைப் பிடிப்பதோடு நிறுத்தாமல் உன்னுடைய தொழில் என்ன என்றும் கேட்க வேண்டும் என்று அதில் அவர் மருத்துவர்களுக்குச் சொன்னார். 1775இல் இலண்டனில் பெர்சிவல் பொட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு மட்டும் உடலின் மறைவிடத் தோலில் ஒரு புற்று வருவதைக் கண்டு எழுதினார். ஐந்தாறு வயதிலேயே ஒடுங்கிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றிவிடப்பட்ட பையன்கள் அவர்கள். புகைக்கரி தோல் மடிப்புகளில் படிந்து, அவர்கள் பெரியவர்களானபின் புற்றாக வெளிவந்தது. ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் கண்ட முதல் இடம் அதுதான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்லாத விடயம், சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றுவதை இங்கிலாந்தில் சட்டம் உண்மையாகவே நிறுத்தியது 1875இல் என்பது. சரியாக 100 வருடம் கழித்து. அந்த இடைவெளியில் சட்டங்கள் வந்தன, யாரும் கணக்கெடுக்கவில்லை.

சாயத்தின் கதை அதற்குப் பிந்தியது. 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவன் மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப்போய்த் தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டான். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலீனை வைத்துச் செய்த அந்த நிறத்துக்கு ஐரோப்பாவே பைத்தியம் பிடித்து அலைந்தது. அடுத்த சில வருடங்களில் சாயத் தொழிற்சாலைகள் எங்கும் எழுந்தன. சுமார் 40 வருடம் கழிந்தது. 1895இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைச் செய்யும் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டார். அவரும் ரமஸினியின் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நோயாளிகள் வெறும் நோயாளிகளாகவே போயிருப்பார்கள்.

அந்த 40 வருடத்தைக் கவனியுங்கள். இந்த நோயின் தந்திரம் அங்கேதான் இருக்கிறது. அரோமாற்றிக் அமைன் எனப்படும் இந்தப் பொருட்கள் மூச்சாலும் தோலாலும் உடலுக்குள் போகின்றன. ஈரல் அவற்றை வெளியே அனுப்புவதற்காக மாற்றியமைக்கிறது. சிறுநீரகம் வடிகட்டுகிறது. கடைசியில் சிறுநீர்ப்பையில் வந்து மணிக்கணக்காகத் தேங்கி நிற்கும்போது அவை மீண்டும் வீரியமான வடிவத்துக்கு மாறி, அதன் உட்சுவர்க் கலங்களின் டீ.என்.ஏ.யில் போய் ஒட்டுகின்றன. உடல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வழியே தீங்கு வரும் வழியாகிவிடுகிறது. ஆனால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. 15, 20 வருடம், சிலருக்கு 40 வருடமும் ஆகும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருப்பார், தொழிற்சாலை மூடியிருக்கும். எங்கள் கொட்டிலைப் போலக் கடல் கொண்டு போயிருக்கும்.

பிரித்தானியாவில் 1954இல் கேஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் சாயத் தொழிற்சாலைகளின் பழைய ஆட்பெயர்ப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2-நப்தைலமைனோடும் பென்சிடினோடும் வேலை செய்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. ஒரு தொழிற்சாலையில் 2-நப்தைலமைனைக் காய்ச்சி வடித்த வேலையாட்கள் அத்தனை பேருக்கும் அந்த நோய் வந்தது. அத்தனை பேருக்கும் என்ற சொல்லை நான் இரண்டு தடவை வாசித்தேன். கேஸ் குழுவினர் பெரிய இயந்திரம் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. இவர் இன்ன வேலை செய்தார் என்று யாரோ ஒரு கிளார்க் முன்பு எழுதி வைத்திருந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. "தொழில்: இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த ஆய்வே இல்லை.

தொழிற்சாலையில் சாயத்தைச் செய்பவர்களுக்குத்தானே இது, துணிக்குப் போடுபவர்களுக்கு என்ன என்று நானும் முதலில் நினைத்தேன். அதற்கு யப்பானின் கியோட்டோ நகரத்தில் பதில் இருக்கிறது. பட்டுக் கிமோனோக்களில் தூரிகையால் சித்திரம் தீட்டும் கைவினைஞர்கள் அங்கே வழிவழியாக வாழ்பவர்கள். அவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை 1971இல் யோஷிதா என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். அவர்கள் பயன்படுத்திய சாயங்கள் சில பென்சிடினிலிருந்து செய்யப்பட்டவை. தூரிகையின் நுனியைக் கூராக்க நாக்கில் வைத்து நக்குவது அவர்களுடைய பழக்கம். இதை வாசித்தபோது மூத்தாப்பா விரலை நாக்கில் வைத்துப் பார்த்த கதை ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், 2-நப்தைலமைனையும் பென்சிடினையும் உடலுக்குள் பென்சிடினாகப் பிரியும் சாயங்களையும் முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் என்ற பட்டியலில், வைத்திருக்கிறது. துணி உற்பத்தித் தொழிலை மொத்தமாக எடுத்து 1990இல் ஆராய்ந்தபோது, இருக்கலாம் என்ற அளவிலான 2பி தொகுதியில் வைத்தது. சாயம் போடுபவர்களிடமும் நெசவாளர்களிடமும் கண்ட சிறுநீர்ப்பைப் புற்றுநோயும், நெசவாளர்களிடம் கண்ட மூக்குக்குழிப் புற்றுநோயும் அதற்குக் காரணங்கள். இருக்கலாம் என்றால் இருக்கலாம்தான். பயமுறுத்துவதற்காக அதை நிச்சயம் என்று திருப்பி எழுதுவது பிழை. தறி வைத்திருப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாச் சாயமும் ஒன்றல்ல. ஆபத்தான அமைன்கள் வராத சாயங்கள் நிறைய உண்டு.

அப்படியானால் மூத்தாப்பா பயன்படுத்தியது எது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அவருக்குத் தெரியாது. பெரிய டின்னிலிருந்து பிரித்து, பொலித்தீன் பையில் கட்டி, மேலே "நேவி", "மெரூன்", "பச்சை" என்று பேனையால் எழுதித்தான் அவரிடம் வரும். டின்னில் ஒட்டியிருந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் ஒருநாளும் காணவில்லை. கண்டிருந்தாலும் அது அவருக்குத் தெரிந்த மொழியில் இருந்திருக்காது. நாங்கள் ஒரு பக்கற் பிஸ்கற் வாங்கினால் அதில் என்ன மாவு, எவ்வளவு சீனி, எப்போது காலாவதி என்று மூன்று மொழியிலும் தேடுகிறோம். 32 வருடம் கையை விட்ட பொருளுக்கு நிறத்தின் பேர் மட்டும்தான் பேர்.

இதைப் பற்றி வீட்டில் பேசினபோது இரண்டு வகையான பதில் கிடைத்தது. முதலாவது, நஸீப். அல்லாஹ் எழுதினது நடக்கும். அதில் எனக்கும் ஈமான் இருக்கிறது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடுகிறோம், கொரோனாவில் முகக்கவசம் போட்டோம். அப்போதெல்லாம் ஒருவரும் நஸீபை எதிர்த்ததாக நினைக்கவில்லை. உழைப்பவனின் உடம்பு விடயத்தில் மட்டும் ஏன் இது ஞாபகம் வருகிறது?

இரண்டாவது பதில் கொஞ்சம் கடினமானது. "ஊர்த்தொழிலுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்காத. தறிதான் நமக்குச் சோறு போட்ட." வாப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொன்னது. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாப்பா படித்ததும் அந்தச் சாயக்காசில்தான், நான் இன்றைக்கு இங்கே படிப்பதும் ஒருவகையில் அதில்தான். தொழிலை நிறுத்தச் சொல்லும் தகுதி எனக்கில்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஜேர்மனி சாயத்தை நிறுத்தவில்லை, கியோட்டோ கிமோனோவை நிறுத்தவில்லை. ஆபத்தான சாயத்தை விட்டு வேறு சாயத்துக்கு மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இப்படியான 22 அமைன்களைக் குறிப்பிட்டு, அவற்றை வெளிவிடும் அசோச் சாயங்களைத் தோலில் படும் துணிகளில் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. நல்ல விதி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அது துணியை உடுப்பவரின் தோலை நினைத்து எழுந்த விதி. அந்தத் துணியைக் கொதிக்கும் கிடாரத்திலிருந்து எடுத்துப் பிழிந்த கை எவ்வளவு சாயத்தைத் தொட்டிருக்கும் என்பதை உடுப்பவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலிருந்து இருக்கிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது, தொழிலால் வரும் சில நோய்களுக்கும் அதில் இடமுண்டு. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒரு தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆனால் நட்டஈடு கேட்பதென்றால் தொழில் கொடுத்தவர் என்று ஒருவர் வேண்டும், இந்த நோய் இந்தத் தொழிலால் வந்தது என்று காட்ட ஒரு தாள் வேண்டும். வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு, மச்சானும் மச்சானுமாகச் சேர்ந்து செய்யும் தொழிலில் முதலாளி யார், தொழிலாளி யார்? சாயக்காரர் மட்டுமல்ல. கராஜில் ஸ்பிறே அடிக்கும் பையன், மரத்தூளுக்குள் நிற்கும் ஓடாவி எல்லோரும் இந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறார்கள். பெயின்ற் அடிக்கும் தொழிலும் மரத்தூளும் அந்த முதலாம் தொகுதியில் இருக்கின்றன. மரத்தூளின் கதையில் இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற தளபாட நகரத்தில் வேலை செய்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண் சத்திர சிகிச்சை நிபுணருக்குப் பங்கிருக்கிறது. தன்னிடம் வரும் மூக்குப் புற்றுநோயாளிகளில் இத்தனை பேர் தளபாடத் தொழிலாளர்களாக இருப்பது ஏன் என்று அவர் யோசித்தார். மருத்துவபீடக் கனவோடு இருக்கும் என் வகுப்புத் தோழிகள் அவருடைய பேரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அதில் மருத்துவரே இல்லை. இத்தாலியில் தூரின் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள சிரியே என்ற சிற்றூரில் ஒரு சாயத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த அல்பினோ ஸ்தெல்லா, பெனித்தோ ஃபிராஞ்சா என்ற இருவர், தங்களோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக ஒரே நோயில் சாவதைக் கண்டார்கள். அவர்கள் செய்த வேலை, இறந்தவர்களின் பேர்களைத் தேடித் தேடி ஒரு பட்டியல் எழுதியதுதான். அந்தப் பட்டியல் நீதிமன்றம் வரை போனது. 1977இல் தொழிற்சாலையை நடத்தியவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். படித்தவர்கள் யாரும் வந்து கணக்கெடுத்துத் தரும் வரைக்கும் அந்த இருவரும் காத்திருக்கவில்லை.

இந்த இதழை வாசிக்கும் வீடுகளிலும் அப்படி ஒரு பட்டியல் எழுத முடியும் என்று நினைக்கிறேன். எங்கள் வகுப்பில் 34 பேர். 34 பேரின் வாப்பா, மாமா, மூத்தாப்பா, சாச்சாமார் என்னென்ன தொழில் எத்தனை வருடம் செய்தார்கள், கையில் பட்டது என்ன, பையில் என்ன பேர் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் அவர்களில் ஒருவர் நாளைக்கு வைத்தியரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்தனுப்பலாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் நாங்கள் சொல்லலாம். ஐந்து நிமிடத்தில் அறுபது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய கிளினிக்கில் அவர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நான் தொடங்கிவிட்டேன். ரமழான் விடுமுறையில் ஊருக்குப் போனபோது சாச்சாவின் கொட்டிலுக்குப் போனேன். கடல் வந்ததற்குப் பிறகு சாச்சா இரண்டு தறியோடு திரும்பவும் தொடங்கியவர், கொஞ்சமாகச் சாயமும் போடுகிறார். மூலையில் ஒரு பை இருந்தது. "சாச்சா, இதுட பேரென்ன?" என்று கேட்டேன். "சிவப்பு" என்றார். "அது நிறம். இதுட பேரென்ன?" என்றேன். ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். அடுத்தமுறை கடையில் டின்னைக் காட்டச் சொல்லித் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றார். முழங்கை வரைக்கும் வரும் இறப்பர் கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டாராம். மூன்றாம் நாள் வேர்க்குது என்று கழற்றிவிட்டதாகச் சாச்சி சொன்னா. தூள் அள்ளும்போது மட்டுமாவது போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கொப்பியின் முதற் பக்கத்தை எழுதினேன். மூத்தாப்பாவின் பேர். தொழில்: நூலுக்குச் சாயம் போடுதல். 1972 முதல் 2004 வரை. மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "என்னையும் எழுது மகள்" என்றா.

"நீங்க சாயம் போடல்லயே மூத்தம்மா?"

"அவர்ர உடுப்பெல்லாம் ஆரு கழுவின? அந்தப் பிழிஞ்ச தண்ணியில நிண்டது நான்தானே."

எத்தனை வருடம் என்று கேட்டேன். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து விரலை மடக்கி எண்ணத் தொடங்கினா.